சட்டம் தெளிவோம்: விளக்குப் பிடித்த கை

 

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வாறே செய்கிறோம். அவர் எழுப்பியுள்ள கேள்விகள் அவருடைய வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் வாழும் பல குடும்பங்களுக்கும் அவை உரியவை. ஆதலால் இம்மாதப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

அச்சகோதரியின் கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். வீட்டில் மாமியாரும், கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயது மகனும், பள்ளி செல்லும் இரு பெண்மக்களும் இருக்கின்றனர். சென்ற மாதம் ஒரு வியாழன் இரவு, ஊர் அடங்கிய பிறகு, உறவு முறையில் கொழுந்தனாகும் இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். கையில் ஒரு பை. "மான்கறி அண்ணி, ஈரலைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், மாமிக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சகோதரிக்கு மனம் ஒப்பவில்லை. மாமியாரோ, "மான் ஹலாலான பிராணிதானே, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததுதானே, இதில் அச்சம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். கறி சமைக்கப்பட்டுவிட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த முறை செல்லும்போது சகோதரியின் மகனும் உடன் வர வேண்டும் என்று அந்த இளைஞர் அழைக்கிறாராம். "அவன் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம், பைக்கைக் கொண்டுவந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெளிச்சம் காட்டினால் போதும்" என்கிறாராம். மகனுக்கோ ஆசை. சகோதரி தடுத்தபோது, "இரவில் சுடத்தான் தடை, பகலில் போனால் தடையில்லை" என்று வேறொருவர் சொன்னதாகவும் எழுதுகிறார்.

அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. ஹலாலான இறைச்சியை வாங்கி உண்பதும் குற்றமாகுமா? விளக்குப் பிடிப்பவன் வேட்டைக்காரன் ஆவானா? இரவில் மட்டுந்தான் தடையா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அதற்கு விடை கண்டால் மற்ற இரண்டும் எளிதில் விளங்கும்.

இரவுத் தடையின் வரலாறு

"இரவில்தான் தடை" என்று சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் இருந்த சட்டத்தைச் சொல்கிறார். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது.

நம் நாட்டில் வேட்டையை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் ஆங்கிலேயர் காலத்திலேயே தோன்றின. நீலகிரியில் வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் பாதுகாப்பதற்கென்றே சென்னை மாகாண அரசு 1879இல் ஒரு சட்டம் இயற்றியது. 1912இல் காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் அகில இந்தியச் சட்டம் ஒன்று வந்தது. விடுதலைக்குப் பின், 1972இல், நாடாளுமன்றம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்று நம்மைக் கட்டுப்படுத்தும் முதன்மையான சட்டம் அதுவே.

1972ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை அடியோடு தடை செய்துவிடவில்லை. சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் கொடுத்தது. உரிமம் வைத்திருப்பவரும் மீறக் கூடாத கட்டுப்பாடுகளை அதன் 17ஆம் பிரிவு வரிசையாகக் கூறியது. வாகனத்தில் இருந்தபடி வேட்டையாடக் கூடாது. நஞ்சு, வெடி, வலை, குழி, கண்ணி ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. வேட்டைக்காகப் புதருக்குத் தீ வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் காத்திருந்து கொல்லக் கூடாது. செயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரையிலான இரவு நேரத்தில் வேட்டையாடக் கூடாது. கடைசி இரண்டிற்கும், ஊனுண்ணும் விலங்குகளைப் பற்றிய ஒரு சிறு விலக்கு மட்டும் இருந்தது. மானுக்கு அந்த விலக்கும் கிடையாது.

அக்காலத்தில் உரிமம் பெற்று வேட்டைக்குச் சென்ற பெரியவர்கள் இன்றும் சில ஊர்களில் இருக்கக்கூடும். "ராத்திரியில் லைட் அடித்துச் சுடக் கூடாது" என்ற விதியை அவர்கள் சொல்லி இளைஞர்கள் கேட்டிருப்பார்கள். அந்தப் பழைய விதியின் எச்சமே நம் சகோதரியின் காதில் விழுந்த செய்தி.

ஆனால் 1991இல் சட்டம் திருத்தப்பட்டது. வேட்டை உரிமம் என்ற ஏற்பாடே நீக்கப்பட்டது. உரிமம் போன பின் உரிமக்காரருக்கான கட்டுப்பாடுகளுக்கு வேலை இல்லை. ஆகவே 17ஆம் பிரிவும் நீங்கிற்று. அதன் பொருள் இரவுத் தடை நீங்கிவிட்டது என்பதன்று. இரவுக்கு இருந்த தடை பகலுக்கும் பரவிவிட்டது என்பதே பொருள். இன்று 9ஆம் பிரிவின்படி, அட்டவணைகளில் குறிக்கப்பட்ட காட்டு விலங்கு எதனையும் எவரும் எந்நேரத்திலும் வேட்டையாடக் கூடாது. புள்ளிமான், கடமான் என்னும் மிளா, கேளையாடு, சருகுமான், வெளிமான் ஆகிய எல்லாமே அட்டவணைகளில் உள்ளவைதாம்.

ஆக, மூன்றாம் கேள்விக்கு விடை: இரவிலும் தடை, பகலிலும் தடை. காட்டுக்குள்ளும் தடை, நம் சொந்தத் தோட்டத்திலும் தடை.

இரவை ஏன் தனியாகக் குறிப்பிட்டனர்?

வேட்டையை இன்றும் அனுமதிக்கும் நாடுகளிலும் இரவில் மான் சுடுவதைப் பொதுவாக ஒப்புவதில்லை. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ள 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டம், சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தது முதல், உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரையுள்ள காலத்தை இரவு என்று வகுத்து, அந்நேரத்தில் மானைக் கொல்வதைக் குற்றமாக்குகிறது. தனி உரிமம் போன்ற சில விலக்குகளே அதற்கு உண்டு.

இதற்குக் காரணங்கள் உள்ளன. மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. மங்கிய நிலவொளியிலும் பார்க்க இறைவன் அதற்கு அளித்த துணை அது. அதே கண்ணில் திடீரென்று கூர்மையான வெளிச்சம் விழுந்தால், மான் திகைத்து அசையாமல் நின்றுவிடுகிறது. இருளில் இரு கனல்களைப் போல் அதன் கண்கள் மின்னுகின்றன. தப்பி ஓடுவதற்கென்று கொடுக்கப்பட்ட கால்கள் அந்நேரத்தில் பயன்படுவதில்லை. இதை வேட்டை என்று சொல்வதைவிட, கட்டிப்போட்டுக் கொல்வது என்று சொல்வதே பொருந்தும்.

மேலும், வெளிச்சத்தில் தெரிவது இரண்டு கண்கள் மட்டுமே. அது ஆணா பெண்ணா, சினையா, புல்லுக்குள் குட்டியை மறைத்துவிட்டு மேய வந்த தாயா என்பது தெரியாது. குண்டு பட்டு ஓடிய மானை இருளில் தேடிப் பிடிக்கவும் முடியாது. அது புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் துடித்துச் சாகும். அந்தக் கண்களுக்குப் பின்னால், புதருக்கு அப்பால், தோட்டக் காவலுக்கு வந்த ஒரு மனிதர் படுத்திருக்கக்கூடும் என்பதும் துப்பாக்கி பிடித்தவருக்குத் தெரியாது. உடன் சென்றவனையே காட்டு விலங்கென்று எண்ணிச் சுட்டுவிட்டு, விடியும்வரை பிணத்தின் பக்கத்தில் அழுதவர்களும் உண்டு.

விளக்குப் பிடித்தவன் யார்?

இனி இரண்டாம் கேள்வி. தாய்மார்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது என்றே நாம் நினைக்கிறோம். சட்டம் அச்சொல்லுக்குத் தரும் விளக்கம் மிகவும் விரிந்தது. கொல்வது வேட்டை; நஞ்சிடுவது வேட்டை; பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, ஓரிடத்தை நோக்கி விரட்டுவது, இரை காட்டி வரவழைப்பது ஆகிய யாவும் வேட்டை. இவற்றைச் செய்வதற்கான முயற்சியும் வேட்டையே. மான் விழவில்லை, குறி தப்பிவிட்டது, வெறுங்கையோடு திரும்பினோம் என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

அடுத்து, 52ஆம் பிரிவு. இச்சட்டத்தை மீற முயல்பவரும், மீறுவதற்கு உடந்தையாக இருப்பவரும், மீறியவராகவே கருதப்படுவார் என்று அது கூறுகிறது. விளக்கு இல்லாமல் இரவில் மான் வேட்டை இல்லை. பைக் இல்லாமல் அவ்வளவு தொலைவு செல்ல இயலாது. ஆகவே, வேட்டைக்கென்று அறிந்தே விளக்குப் பிடித்த கையும் வண்டி ஓட்டிய கையும் துப்பாக்கி பிடித்த கைக்குப் பக்கத்தில்தான் வைத்து எண்ணப்படும். "நான் வெளிச்சம் மட்டுமே காட்டினேன்" என்பது தற்காப்பு ஆகாது. அதுவே ஒப்புதல் ஆகிவிடும்.

தண்டனை என்ன? 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்திற்குப் பிறகுள்ள நிலை இது. பொதுவான குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டையாடப்பட்டது முதல் அட்டவணையைச் சேர்ந்த விலங்கானாலோ, வேட்டை நடந்த இடம் சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருந்தாலோ, மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஏழாண்டு வரையிலும் சிறை. அத்துடன் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வெளிமான் முதல் அட்டவணையில் உள்ளது. புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. என்றாலும், அதைச் சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் அதே கடுந்தண்டனைதான்.

இங்கே எல்லையைக் கவனிக்க வேண்டும். நம் தமிழகத்தில் சரணாலயங்கள் மலை உச்சியில் மட்டும் இல்லை. வெளிமான்களுக்குப் பெயர்பெற்ற கோடிக்கரை, நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது. வல்லநாடு, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையை ஒட்டியிருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா சென்னை மாநகரின் நடுவிலேயே இருக்கிறது. இருட்டில், புதர்க் காட்டில், எந்த இடத்தில் சரணாலய எல்லையைத் தாண்டினோம் என்று யாருக்குத் தெரியும்? பொதுக் குற்றத்துக்கும் ஏழாண்டுச் சிறைக்கும் இடையே உள்ளது சில வேளைகளில் ஓர் எல்லைக் கல்தான்.

சகோதரியே, உங்கள் மகனுக்குப் பத்தொன்பது வயது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதையும் சொல்லியாக வேண்டும். முதல் முறை தவறிழைத்த இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் விடுவதற்கு 1958ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இடம் தருகிறது. பல வழக்குகளில் அதுவே இளைஞர்களின் வாழ்வைக் காத்திருக்கிறது. ஆனால் சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ வேட்டையாடியதாகத் தீர்ப்பான ஒருவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று வன உயிரினச் சட்டத்தின் 51ஆம் பிரிவு கூறுகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு மட்டுமே விலக்கு. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டார்.

இவற்றோடு முடிவதில்லை. துப்பாக்கிக்கு உரிமம் இல்லையென்றால் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி தனி வழக்கு. காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததற்கு 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி மற்றொரு வழக்கு. வேட்டைக்குப் பயன்பட்ட வாகனம் பறிமுதல் செய்யப்படும். சட்டம் அதை அரசின் உடைமையாகக் கருதுகிறது. உங்கள் கணவர் பாலைவன வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பைக்காக அது இருக்கலாம். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது கடவுச்சீட்டுப் பெறுவதும் அரசுப் பணியில் சேர்வதும் எவ்வளவு கடினம் என்பது நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இருபது ஆண்டு நடந்த வழக்கு

நாடறிந்த வழக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 1998 அக்டோபர் முதல் நாள் நள்ளிரவையொட்டி, ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கான்கானி என்னும் சிற்றூரில் இரண்டு வெளிமான்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஓசை கேட்டு வெளியே வந்த ஊர்மக்கள், வாகனத்தில் இருந்தவர்களைக் கண்டதாகச் சாட்சியளித்தனர். விலங்குகளையும் மரங்களையும் உயிரெனப் போற்றும் பிஷ்னோய் சமூகத்தவர் அவர்கள். படப்பிடிப்புக்காக வந்திருந்த புகழ்பெற்ற இந்தி நடிகர் ஒருவரும், அவருடன் சென்றதாகக் கூறப்பட்ட வேறு சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டனர்.

தீர்ப்பு வந்தது 2018 ஏப்ரல் 5ஆம் நாள். அந்த நடிகருக்கு ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது ஜோத்பூர் நீதிமன்றம். இரண்டு நாள் கழித்து அவர் பிணையில் வந்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. உடன் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஐயத்தின் பயனைப் பெற்று விடுவிக்கப்பட்டனர்.

"பார்த்தீர்களா, உடன் போனவர்கள் தப்பிவிட்டார்களே!" என்று யாரேனும் சொல்லலாம். உடன் சென்றது குற்றமாகாது என்று அத்தீர்ப்புக்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்கள் மீதான குற்றச்சாட்டு ஐயமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே பொருள். விடுவிக்கப்பட்டவர்களும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாகவே வாழ நேர்ந்தது. பெரும் செல்வமும் சிறந்த வழக்கறிஞர்களும் உடையவர்களுக்கே இக்கதி என்றால், வளைகுடாவிலிருந்து வரும் மாதப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு குடும்பத்தின் கதி என்ன?

அடுப்பங்கரைக்கு வரும் இறைச்சி

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

மான் உண்ணத்தக்க பிராணி என்பதில் நமக்குள் ஐயமில்லை. உங்கள் மாமியார் சொன்னது அந்த அளவில் சரியே. ஆயினும் ஒரு பொருள் உண்ணத்தக்கதா என்பது ஒரு கேள்வி. அது யாருடையது என்பது வேறொரு கேள்வி. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டைக் களவாடி வந்து முறைப்படி அறுத்தால், ஆடு ஹலாலான பிராணி என்பதனால் களவு நியாயமாகிவிடுமா? ஆகாது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள்.

மான் யாருடையது? 39ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் உடைமை. இறந்து கிடந்த விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அவ்வாறே. அதை அனுமதியின்றிப் பெறுவதும், வைத்திருப்பதும், விற்பதும், அன்பளிப்பாகக் கொடுப்பதும், அழிப்பதும் குற்றம். "காசு கொடுத்து வாங்கவில்லை, சொந்தக்காரர் கொடுத்தார்" என்பதற்கு இங்கே இடமில்லை. அன்பளிப்பு என்ற சொல்லையே சட்டம் கூறிவிட்டது.

அதைவிடக் கடுமையானது 57ஆம் பிரிவு. பொதுவாகக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் காட்டு விலங்கின் இறைச்சி ஒருவர் வசம் இருந்தது என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டால், அவர் அதைச் சட்டவிரோதமாகவே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் கொள்ளும். அவ்வாறு இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு பொட்டலம் போதும், அந்தச் சுமை வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்துவிடும். காட்டுக்குப் போனவர் ஒருவர்; விடை சொல்ல நிற்பவர் வேறொருவர்.

மார்க்கத் தீர்ப்புக் கூறுவது இப்பகுதியின் பணி அன்று. அதை உங்கள் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளியுங்கள். எனினும் நாம் அனைவரும் அறிந்த இரண்டு செய்திகளை மாமியாரிடம் எடுத்துச் சொல்லலாம். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ இஹ்ராம் அணிந்தவருக்குத் தரைப் பிராணிகளை வேட்டையாடுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. மானின் இறைச்சி அப்போதும் அதே இறைச்சிதான். காலமும் நிலையும் மாறியதால் வேட்டை தடையாயிற்று. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதற்குக்கூட அனுமதி இல்லை. உண்ணத்தக்க பிராணியையும் தொடக் கூடாத இடமும் நேரமும் உண்டு என்ற கருத்து நமக்குப் புதியதன்று.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: இனி ஒருமுறை அத்தகைய பை உங்கள் வாசலுக்கு வந்தால், வாசலிலேயே மறுத்துவிடுங்கள். உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். மென்மையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

இரண்டு: அறியாமல் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். சாலையில் வாகனம் மோதி இறந்த மானைக் கண்டாலும் எடுத்து வரக் கூடாது. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று: நடந்து முடிந்ததைப் பற்றி உங்களுக்குள் அச்சம் இருக்கிறது. அதை மறைப்பதற்கான வழியை நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு வழக்கறிஞரிடம் நடந்ததை நடந்தபடி கூறி ஆலோசனை பெறுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

நான்கு: "மான்கள் வந்து பயிரை அழிக்கின்றனவே, நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கும் உழவர்களின் துயரம் மெய்யானது. அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 11ஆம் பிரிவின்படி, முதல் அட்டவணையில் இல்லாத விலங்கு நிற்கும் பயிருக்குக் கேடு விளைவிக்கும் நிலையில், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ காரணங்களை எழுதி ஆணையிடலாம். முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களே. நாமாகவே நாட்டுத் துப்பாக்கியை எடுப்பதற்கும், அவுட்டுக்காய் வைப்பதற்கும், வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதற்கும் அந்தப் பிரிவு இடம் தரவில்லை. மின்கம்பியில் மானும் சாகும். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதரும் சாவார்.

ஐந்து: உயிருக்கு ஆபத்து நேர்கையில் தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் காட்டு விலங்கைத் தாக்குவது குற்றமன்று. ஆனால் அந்நேரத்தில் அவர் இச்சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. இரவு வேட்டைக்குப் போன இடத்தில் கரடி தாக்கியது, சுட்டோம் என்று சொன்னால் அது ஏற்கப்படாது.

மகனிடம் சொல்ல வேண்டியது

சகோதரியே, சட்டத்தின் எண்களையெல்லாம் உங்கள் மகனிடம் ஒப்பித்துக் காட்ட வேண்டும் என்பதில்லை. அவரை அருகில் அமர்த்தி ஒன்றைச் சொல்லுங்கள். துப்பாக்கி பிடிப்பவரிடம் அகப்பட்டால் தப்பும் வழிகளைப் பற்றிய முன்யோசனை இருக்கும். விளக்குப் பிடிக்க அழைக்கப்படும் சிறுவனிடம் அது இருக்காது. இருளில் வெளிச்சம் யார் கையில் இருக்கிறதோ, வனக் காவலரின் கண்ணுக்கு முதலில் தெரிபவர் அவரே. சுட்டவர் இருளுக்குள் ஓடிவிடுவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிற்பவர் எங்கே ஓடுவார்?

கணவருக்கும் தொலைபேசியில் நடந்ததைத் தெரிவியுங்கள். தொலைவில் இருப்பவர் வருந்துவாரே என்று மறைக்காதீர்கள். தந்தையின் சொல்லுக்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் ஒரு மதிப்பு இருக்கும். அந்தக் கொழுந்தனாரையும் வெறுத்து ஒதுக்கிவிட வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலமாகவோ, பள்ளிவாசல் இமாம் மூலமாகவோ அவருக்கும் எடுத்துச் சொல்லச் செய்யுங்கள். அவருக்கும் ஒரு தாய் இருப்பார். அந்தத் தாயும் இரவில் கதவோசைக்காகக் காத்திருப்பார்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நாம் இதிலிருந்து விலக வேண்டும் என்பதில்லை. காடு குறைந்து மானும் குறைந்தால், அதை உண்டு வாழும் சிறுத்தையும் புலியும் நம் தொழுவத்துக்கு வருகின்றன. உயிருள்ள பிராணியை நிறுத்திவைத்து இலக்காக்கி விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் கண்கூசி நிற்கும் ஒரு வாயில்லாச் சீவனைச் சுடுவது அதிலிருந்து எவ்வளவு தொலைவு என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பாட்டனார் காலத்து மான்கொம்பு சுவரில் தொங்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. அவற்றை வைத்திருக்கலாமா என்று வேறு சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அதை அடுத்த இதழில் காண்போம்.

வஸ்ஸலாம்.